கோட்டின் அந்த ஓரம்

எல்டன் ப்ரூவிட்டுக்குச் சாலையில் கோடு போடும் வேலை. கவுண்டி என்கிற வட்டார நிர்வாகத்தின் லாரியில் பின்னால் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷமாக மஞ்சளும் வெள்ளையும் ஊற்றிக்கொண்டிருந்தார். அலபாமாவின் அந்த மூலையில், பெக்கெட் ஸ்பிரிங்ஸைச் சுற்றியுள்ள அத்தனை சாலையும் அவர் கை பட்டதுதான். மற்றவர்களுக்குக் கோடு என்றால் வெறும் கோடு. எல்டனுக்கு அது நாலு அங்குல அகலமுள்ள ஒரு பொருள். அதற்கு இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று. ஈரம் காயாத கோட்டை அவர் வாழ்நாளில் மிதித்ததில்லை. வேறு யாராவது வண்டியை ஏற்றிவிட்டால், அதிகம் பேசாத அந்த மனிதரின் வாயிலிருந்து வருவதைத் தேவாலயத்தில் திருப்பிச் சொல்ல முடியாது.

சனிக்கிழமைகளில் கல்லூரி மைதானத்தில் சங்கிலிக்காரர். கால்பந்து என்றால் அந்த ஊரில் கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற பந்துதான். நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் நகர்த்தினால் பந்து உங்களிடமே இருக்கும். முடியாவிட்டால் எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்தை அளப்பதற்கு, இரண்டு முனையிலும் கம்பு கட்டிய ஒரு சங்கிலி மைதானத்தின் ஓரமாகக் கிடக்கும். சந்தேகம் வந்தால் அதை நடுவுக்குத் தூக்கிப்போய் அளப்பார்கள். தூக்கினால் இடம் பிசகிவிடுமே என்றால், அதற்குத்தான் எல்டன் இருந்தார். தரையில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடும். சங்கிலி அந்தக் கோட்டைத் தொடுகிற இடத்தில், கோட்டின் பின் ஓரத்துக்கு நேராக, ஒரு கிளிப்பை மாட்டிவைப்பார். நடுவர் அந்தக் கிளிப்பை எடுத்துப்போய் அதே கோட்டின் பின் ஓரத்தில் வைத்தால் போதும், சங்கிலி தன் பழைய இடத்துக்கு வந்துவிடும். விளையாட்டில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது. எல்டன் அதை இருபத்தாறு வருஷம் பிசகாமல் செய்தார்.

சங்கிலிக்காரர்கள் உள்ளூர் ஆட்கள்தான். ஆனால் கல்லூரியின் சிவப்பு நிறத்தை உடம்பில் போடக் கூடாது, ஆரவாரம் செய்யக் கூடாது, கை தட்டக் கூடாது. கல்லூரி டிக்கெட் ஜன்னலில் உட்காரும் அவர் மனைவி வானெட்டா, எல்டன் மைதானத்தில் நிற்பது சாவு வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வாள். எல்டனுக்கு அதில் பெருமைதான். ஊரில் எல்லாரும் மனசுக்குள் இருப்பதைக் கொட்டலாம், தன்னை மட்டும் அடக்கிக்கொள்ளச் சொல்லி நம்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். ஊராரின் பிடிவாதத்துக்கும் அதே பெயர் பொருந்தும். டன்மோர் கல்லூரியிடம் பதினொரு வருஷமாகத் தோற்றிருந்தார்கள். பதினொரு வருஷமும் டன்மோர்க்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் கழுதை மாதிரிக் கத்திக்கொண்டே பேருந்து ஏறினார்கள். பன்னிரண்டாம் வருஷம், அக்டோபரில், இரண்டு நிமிஷம் பாக்கியிருக்கையில் கோவேறு கழுதைகள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார்கள். பந்து கையைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். ஒரு பையன் பதினைந்து கஜம் பிய்த்துக்கொண்டு ஓடினான். புதிய பத்து கஜத்துக்குச் சங்கிலியை மாற்றிப் போட ஓடுகிற வழியில், எல்டன் ப்ரூவிட் இரண்டு முறை கை தட்டினார்.

தட்டியதே அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. வெட்கத்தோடு குனிந்தவர் கோட்டைத் தாண்டிப் போயிருந்தார். அவசரமாகத் திரும்பி முட்டி போட்டுக் கிளிப்பை மாட்டினார். நாலாவது முயற்சியில் அளக்க வேண்டி வந்தது. சங்கிலியை இழுத்துப் பிடித்தார்கள். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி ஒரே ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நேரத்தை ஓட்டினார்கள். ஊர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தார். வலது முட்டியில் பட்டையாக வெள்ளை. காலையில் தூறல் விழுந்து கோடு ஈரமாகவே இருந்தது. எப்போதும் கோட்டுக்கு இந்தப் பக்கம் முட்டி போடுகிறவர் அவர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு ஒட்டியதில்லை. அன்று கோட்டின் மேலேயே முட்டி போட்டு, அந்த ஓரத்தில் கிளிப்பை மாட்டியிருக்கிறார். நடுவர் அதை வழக்கம்போல் பின் ஓரமான இந்த ஓரத்தில் வைத்தபோது சங்கிலி நாலு அங்குலம் பின்னால் வந்திருக்கிறது. நாலில் ஒன்று போனால் மூன்று. கோவேறு கழுதைகள் மூன்று அங்குலம் குறைவாகத்தான் போயிருந்தார்கள்.

ஞாயிறு காலை தலைநகரத்துப் பத்திரிகையில் ரெக்ஸ் ஹால்பர்ன் என்ற விளையாட்டுக் கட்டுரைக்காரன் எழுதியிருந்தான். அவனுக்குக் கிளிப்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவனிடம் இருந்தது ஒரு படம்: எல்டன் கை தட்டுகிறார். அந்தக் கைகளைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். பெக்கெட் ஸ்பிரிங்ஸில் ஆட்டத்தை அளப்பது சங்கிலி அல்ல, சொந்தபந்தம் என்று எழுதியிருந்தான். அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் நாலு பேர் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து அந்தக் கைதட்டலை முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

ஊர் கொதித்தது. சந்தா கட்டி வாங்கிய பத்திரிகையில் கெளுத்தி மீனின் குடலைச் சுற்றி எறிந்தார்கள். நகரத்தான்களுக்கு நம்மைக் கண்டால் ஆகாது, நாம் ஜெயித்தால் திருட்டு, அவர்கள் ஜெயித்தால் திறமையா என்று வானொலியில் ஆள் மாற்றி ஆள் கத்தினார்கள். அதில் பாதி நியாயமும் இருந்தது. நகரத்தான்கள் அந்த ஊரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதிப் பல வருஷம் ஆயிற்று. திங்கட்கிழமைக்குள் இரண்டு கை தட்டுகிற படம் போட்ட சிவப்புச் சட்டை வந்துவிட்டது. எல்டன் காலை ரொட்டியும் குழம்பும் சாப்பிடப் போனால் கடை முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. தேவாலயத்தில் ஞாயிறு இரவு ஆராதனையிலேயே போதகர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். அங்கேயும் தட்டினார்கள். எல்டனுக்கு ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது.

வானெட்டாவிடம் முதலில் சொன்னார். அவள் கால்சட்டையை வாங்கிப் பார்த்தாள், துவைக்கிற இயந்திரத்துக்குள் போட்டு மூடினாள். எத்தனை வருஷம் கழித்து இந்த ஊர் சிரித்திருக்கிறது தெரியுமா, அதைக் கெடுத்துவிட்டு இங்கே எப்படி இருப்பாய் என்று கேட்டாள்.

எல்டனுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு பக்கம் திருடன் என்கிறார்கள், அவர் திருடவில்லை. மறுபக்கம் தப்பே நடக்கவில்லை என்கிறார்கள், தப்பு நடந்திருக்கிறது. நடந்தது நடந்தபடி தெரிந்த ஒரே ஆள் அவர். அளவில் பிசகாதவன் என்ற பேர் ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து. அதை மூடி மறைத்துக் காப்பாற்றினால் அது இருந்தும் என்ன?

சங்கிலிக்காரர்களுக்குத் தலைவர் கிளைட் மாத்தனி. டயர் கடை வைத்திருப்பவர். புதன்கிழமை மத்தியானங்களில் லேமர் ஸ்டக்கியின் வானொலி நிகழ்ச்சி அந்தக் கடையிலிருந்துதான் ஒலிபரப்பாகும். அந்தப் புதன்கிழமையும் கடையில் நாற்பது பேர் கடலை தின்றுகொண்டு நின்றார்கள். எல்டன் உள்ளே நுழைந்ததும் கைதட்டல் எழுந்தது. லேமர் ஒலிவாங்கியை அவர் பக்கம் நீட்டினான்.

"ப்ரதர் எல்டன், அந்தப் பத்திரிகைக்காரனுக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு சொல்லுங்க."

"நாம பத்து கஜம் போகல," என்றார் எல்டன். "நான் கிளிப்பைக் கோட்டோட அந்த ஓரத்துல மாட்டிட்டேன். மூணு அங்குலம் கொறையுது. திருடல. தப்பு பண்ணிட்டேன்."

லேமர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உர விளம்பரத்துக்குப் போய்விட்டான். கிளைட் எல்டனின் முழங்கையைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"உன்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் ஏன்யா வாயத் தொறந்த?"

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம், கோபம் பொத்துக்கொண்டு வரும் என்பார்கள். அன்று பெக்கெட் ஸ்பிரிங்ஸில் இரண்டு கண்ணும் தெரிகிற ஆள் ஒருவர்கூட இல்லை. மறுநாள் பத்திரிகையில், கைதட்டிய சங்கிலிக்காரர் மோசடியை ஒப்புக்கொண்டார் என்று கொட்டை எழுத்தில் வந்தது. தப்பு என்று எல்டன் சொன்ன சொல் ஹால்பர்னின் காதுக்குள் போய் மோசடியாக வெளியே வந்திருந்தது. எல்டன் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டும் ஒன்றுதானே சார் என்றாள் எடுத்த பெண். ஊரோ அந்தத் தலைப்பைக் காட்டியே அவரைத் திட்டியது. மூன்று நாள் முன்னால் மீன் குடல் சுற்றிய அதே பத்திரிகை, எல்டனைப் பற்றி எழுதியதும் வேதமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கிளைட் ஆள் அனுப்பி, மைதானத்தில் எல்டன் போடும் சங்கிலிக்காரர் வெள்ளை அங்கியை வாங்கிக்கொண்டார். சங்கிலிக்காகவே இருபத்தாறு வருஷமாக எல்டனுக்குச் சனிக்கிழமை விடுப்பு உண்டு. இனி அது எதற்கு என்று கவுண்டி மேற்பார்வையாளர் சனிக்கிழமைக் காலை வேலையைப் போட்டார். இடத்தையும் பார்த்துத்தான் போட்டிருந்தார்: மைதானத்துக்குப் போகிற சாலை, நடுவில் மஞ்சள் கோடு, இரண்டு மைல்.

குளிர் காலை, பெயிண்ட் சீக்கிரம் காயவில்லை. வண்டி ஏறாமலிருக்க லாரிக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூம்பு வைத்து, ஈரம் என்று பலகையும் வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு வண்டிகள் வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் சிவப்புக் கொடி. முதல் வண்டி கிளைட்டுடையது. உள்ளே சங்கிலிக்காரர்கள் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி ஒரு கூம்பைத் தட்டிவிட்டு, இடது சக்கரத்தை நிதானமாக ஈரக் கோட்டின் மேல் ஏற்றி, அரை மைல் தூரம் அதன் மேலேயே உருண்டு போனது. அடுத்த வண்டியும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். யாரும் ஒலிப்பான் அடிக்கவில்லை, ஒருவர்கூடக் கத்தவில்லை. எல்டனும் வாயைத் திறக்கவில்லை. மைதானத்து வாசலில் நின்று டயர்களைப் பார்த்தாலே போதும், யார் யார் கோட்டில் ஏற்றினார்கள், யார் விலகிப் போனார்கள் என்று தெரிந்துவிடும். கடைசி வண்டி போன பிறகு அவர் கூம்புகளை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு மைலையும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

நாலு மணிக்கு வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வானெட்டா ஆட்டம் முடிந்து வந்தாள். டிக்கெட் ஜன்னலில் இன்று நல்ல கூட்டம் என்று சொல்லிக்கொண்டே காரிலிருந்து இறங்கினாள். எல்டன் காரின் இடது முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரைச் சுற்றி மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

அவளும் குனிந்து பார்த்தாள். கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"முன்னாடி போனவங்க எல்லாரும் அப்படித்தான் போனாங்க, எல்டன்," என்றாள். "நான் மட்டும் வெலகிப் போயிருந்தா, பின்னாடி வர்றவங்க பாத்திருப்பாங்கல்ல."

எல்டன் தோட்டத்துக் குழாயைத் திறந்து, ஒரு பழைய துணியை நனைத்துக்கொண்டு வந்தார். சக்கரத்தின் பக்கத்தில் முட்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். அது சாலைக்கு என்று செய்த பெயிண்ட், காய்ந்த பிறகு போகாது. அது அவருக்குத் தெரியும்.