புனல் அக்கா அளந்த கூடம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புனல் அக்கா என்றால்தான் தெரியும். புனல் மாதிரி வாய் விரிந்த ஓர் ஆன்டெனாவைத் தள்ளுவண்டியில் பொருத்திக்கொண்டு அறை அறையாகப் போய், ரேடியோ அலை எந்த மூலைக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று அளக்கிற இன்ஜினியர் அவள். அதுவும் சாதாரண அலை இல்லை, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பொடி அலை. ஒரு முழு சினிமாவைக் கண் மூடித் திறப்பதற்குள் அனுப்பிவிடும். ஆனால் இந்த அலை ரொம்ப ரோஷக்காரி. வீட்டு வைஃபை போலச் சுவரைத் தாண்டிப் போகாது. குறுக்கே ஓர் ஆள் நின்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு நடை பழக்கும் சிகிச்சைக் கூடம் ஒன்றிலிருந்து வேலை வந்தது. அங்கே நோயாளியின் கண்ணில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டுவார்கள். அதில் தெரு, மேடு பள்ளம், எதிரே வரும் சைக்கிள் எல்லாம் நிஜம் போலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஆனால் கண்ணாடியிலிருந்து தொங்கும் தடித்த கேபிள், ஏற்கெனவே தடுமாறுகிற காலில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கேபிளை எடுத்துவிட்டு, படத்தைப் பொடி அலையில் அனுப்புவது என்று ஏற்பாடு.

அவள் கூடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, முன்சுவரில் படத்தை அனுப்பும் கருவியைப் பொருத்தினாள். படம் பளிச்சென்று வந்தது.

முதலில் நடந்து பார்த்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இடது கால் சொன்னபடி கேட்காதே தவிர, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. “இவ்வளவு மெதுவா பஸ்ஸை ஓட்டியிருந்தா பாசஞ்சரெல்லாம் என்னை அடிச்சிருப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே பாதிக் கூடம் வந்தவருக்கு, திடீரென்று முழங்கால் மடங்கியது. நடை பழக்கும் பெண் பாய்ந்து முன்னால் வந்து தோளைப் பிடித்தாள். அவ்வளவுதான், படம் உறைந்துவிட்டது.

“ஐயோ, ரோடு நின்னு போச்சு!” என்று அலறினார் டிரைவர். அந்தப் பெண் மட்டும் பிடியை விட்டிருந்தால் அவர் தரையில்தான்.

புனல் அக்காவை அவள் மேனேஜர் தனியே கூப்பிட்டார். “பிடிக்கிறவங்களை முன்னால வராம பக்கவாட்டுல நிக்கச் சொன்னா முடிஞ்சு போச்சு. ஒப்படைச்சிட்டுக் கிளம்பலாம்மா.”

“விழப்போற ஆளைப் பிடிக்க, எந்தப் பக்கம்னு யோசிச்சா சார் வருவாங்க? தப்பு என் மேலதான். காலிக் கூடத்தை அளந்துட்டேன். ஆளுங்க இருக்கிற கூடத்தை அளக்கலை. டைம் கொடுங்க.” ஒற்றைக் காலில் நின்று அவகாசம் வாங்கினாள்.

அவள் கணவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன், ஆஜானுபாகு. விடுமுறை நாளில் அவனைக் கையோடு இழுத்து வந்தாள்.

“நான் என்ன பண்ணணும்?”

“குறுக்க நில்லுங்க, போதும்.”

“வீட்டுல நின்னா மட்டும் திட்டுறே?”

அவன் நின்றதும் முன்சுவரிலிருந்து வந்த அலை ஏறக்குறைய செத்தே போனது. “நான் அவ்வளவு கெட்டியா?” என்று பெருமையாகக் கேட்டான். “உடம்புல இருக்கிற தண்ணி அலையைக் குடிச்சிடுதுங்க” என்றபடி அவள் புனலை மெல்லத் திருப்பினாள். பக்கச் சுவரில், நோயாளிகள் தங்கள் நடையைப் பார்ப்பதற்காக நீளமாகப் பதித்திருந்த நிலைக்கண்ணாடி. அதன் பக்கம் திரும்பியதும் மீட்டர் துள்ளியது. கண்ணாடியின் பின்பூச்சில் பட்டு, அலை அவனைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது!

அதோடு விடவில்லை அவள். முன்னால் ஒருவர், நிலைக்கண்ணாடிப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் பிடித்தால்? அதற்காக எதிர் மூலைக் கூரையில் இன்னொரு கருவியை ஏற்றினாள். ஒரு வழி அடைபடத் தொடங்கியதுமே, படம் அறுபடுவதற்கு முன்னால் அடுத்த வழிக்குத் தாவும்படி அமைக்கப் பல நாள் மல்லுக்கட்டினாள்.

எல்லாம் சரியான பிறகு டிரைவர் வர மறுத்தார். “ஒரு தடவை பட்டது போதும்மா.”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தப்பு செய்தாள் என்பதை மறைக்காமல் சொன்னாள். “முதல்ல நான் மாட்டிக்கிட்டு நடக்கிறேன் ஐயா. இவங்க ரெண்டு பேரும் என்னைச் சுத்திச் சுத்தி மறைக்கட்டும். நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்க.”

நடந்தாள். நடை பழக்கும் பெண்ணும் பேக்கரிக்காரனும் வழிமறித்துப் பிடித்தார்கள், இழுத்தார்கள். “சைக்கிள் வருது... தாண்டிட்டேன்... பள்ளம்” என்று அவள் வாய் ஓயவில்லை.

டிரைவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். “அதைக் கொடும்மா.”

பாதி வழியில் அவர் முழங்கால் மறுபடியும் மடங்கியது. அந்தப் பெண் முன்னால் பாய்ந்தாள். ஆனால் தெரு நிற்கவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து, கடைசிச் சுவர் வரைக்கும் நடந்தார். சுவரைத் தொட்டதும், டெப்போவில் நிறுத்திய பஸ்ஸைத் தட்டுவது போல அதை இரண்டு தட்டுத் தட்டினார். நடை பழக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் புனல் அக்கா அங்கே புழங்குகிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறாள். “நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. எங்களுக்காக ஒதுங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளுகிறாள்.