மூன்றாம் கொட்டகையின் வெப்பநிலை

அந்த அழைப்பு வந்தபோது நான் பண்டார் தெங்காராவில் வேறொரு வேலையில் இருந்தேன். மதியம் இரண்டு மணி. கூப்பிட்டவர் ரெங்கம் பக்கத்துக் கோழிப்பண்ணையின் மேற்பார்வையாளர். ஐம்பதைத் தாண்டியவர், நான் அக்கா என்பேன்.

"தங்கச்சி, மூணாம் கொட்டாயில காத்தாடி மெதுவாயிருச்சு. ஸ்கிரீன்ல இருபத்தாறுன்னு காட்டுது. ஆனா கோழியெல்லாம் வாயத் தொறந்துகிட்டு மூச்சு வாங்குது."

அந்தப் பண்ணைக்குக் கம்பியில்லா வெப்ப உணரிகளைப் பொருத்தியது மூன்று பேர் கொண்ட எங்கள் சின்ன கம்பெனி. நிரல் எழுதியது நான். நான்கு பக்கமும் அடைத்த கொட்டகைகள் அவை. உணரி அனுப்பும் வெப்பநிலையைப் பார்த்துத்தான் சுவரிலிருந்த பெட்டி காற்றாடிகளை ஓட்டும்.

"பதறாதீங்கக்கா, சென்சார் சரியாத்தான் இருக்கும். நான் பாக்குறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றேன்.

காரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். இருபத்தாறு, இருபத்தாறு, முப்பத்தைந்து, மறுபடி இருபத்தாறு. ஒரே எண்ணில் இரண்டு உணரிகள் பேசிக்கொண்டிருந்தன. முந்தின வாரம் சாலைக்கு எதிரே இருந்த பண்ணைக்கும் உணரிகள் கொடுத்திருந்தோம், எண்களை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி. அங்கே கோழி இன்னும் வரவில்லை. கழுவிவிட்ட காலிக் கொட்டகை, குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிர்ச்சியைத்தான் எங்கள் பெட்டி நம்பிக்கொண்டிருந்தது.

இதைத் தடுக்க வழி இருந்தது. ஒவ்வொரு உணரிக்கும் ஒரு ரகசியச் சாவி கொடுத்து, செய்தியோடு அதை வைத்துக் கணக்கிட்ட சிறு முத்திரையையும் அனுப்பச் சொல்லலாம். முத்திரை பொருந்தாத செய்தியைப் பெட்டி ஒதுக்கிவிடும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமென்று அதை எடுத்துவிட்டவள் நான்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரக் காட்டுக்குள் யார் வந்து பொய்ச் செய்தி அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அக்காவை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன்.

காற்றாடிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அக்காவே கையால் ஓடவிட்டிருந்தார். கடைசிப் பகுதியில் செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நீ தொடாதன்னு சொன்ன. பத்து நிமிஷம் நீ சொன்னதக் கேட்டேன். அதுக்கு மேல முடியல லா" என்றார்.

"தப்பு என்னோடதுக்கா."

இடி மின்னலால் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று என் கூட்டாளி போனில் சொன்னார். என்னால் முடியவில்லை. பண்ணையின் சீன முதலாளியிடம் மலாயில் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கத்தவில்லை. எதிர்ப்பண்ணை உணரி நாளைக்கும் என் காற்றாடியை நிறுத்துமா என்று மட்டும் கேட்டார். இப்போதைக்கு நிறுத்தும் என்றேன். எல்லாப் பெட்டிகளையும் அணைக்கச் சொன்னார். அடுத்த எட்டு நாள் தொழிலாளர்கள் வெப்பமானியோடு நடந்து நடந்து காற்றாடிகளை ஓட்டினார்கள்.

அந்த எட்டு நாளில் உணரிக்குள் இருக்கும் சின்னச் சில்லு தாங்கும் அளவுக்கு முத்திரைக் கணக்கைச் சுருக்கி எழுதினேன். பழைய செய்தியே திரும்ப வந்தாலும் ஏமாறாதபடி வரிசை எண்ணும் சேர்த்தேன். பேட்டரி நான் பயந்த அளவுக்குக் குறையவில்லை.

சோதனை நாளில் எதிர்ப்பண்ணை உணரியை ஐஸ் பையில் வைத்து மூன்றாம் கொட்டகைக்குள் கொண்டுபோனேன். திரையில் முப்பத்தொன்று அசையவில்லை. காற்றாடியும் வேகம் குறையவில்லை. அக்காவின் கை, பெட்டி இல்லாமல் காற்றாடியை ஓட்டும் சுவிட்சின் மேலேயே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்.