முற்றத்தில் நடந்த அடையாள அணிவகுப்பு

தீர்ப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் அடையாள அணிவகுப்பு நடந்தது. அக்காவின் புருஷனான என் மச்சான், என் கணவர், பக்கத்து வீட்டு மிளகு வியாபாரி மூவரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அக்கா அகப்பையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, மச்சானின் தோளில் ஒரு போடு போட்டாள்.

"எப்பப் பாத்தாலும் என்னையே புடிக்கிறாளே! நான் என்னா களவாணியா?" என்று அவர் கத்த, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிக்கிற விஷயமா அது? சில வருடங்களுக்கு முன், எங்கள் ஊரான உக்குவளையில் பஸ்ஸை விட்டிறங்கிக் குறுக்குப் பாதையில் வந்த அக்காவை ஒருவன் மறித்து மானபங்கப்படுத்தினான். அன்றைக்கே பொலிஸில் அவன் முகத்தை விவரித்தாள். பிறகு அணிவகுப்பில் பதறாமல் அவன் தோளைத் தொட்டுக் காட்டினாள். மேல் நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பியது. அவனோ, ஆள் மாறிப்போச்சு, இல்லாவிட்டாலும் தண்டனை அதிகம் என்று கொழும்பில் மேன்முறையீடு செய்தான். அடையாளத்தில் சந்தேகம் என்று ஒரு வார்த்தை வந்தால் வெளியே வந்துவிடுவான். அக்காவோ அதற்குப் பிறகு அந்தப் பாதைப் பக்கமே போகவில்லை. கடைக்குப் போகக்கூட மச்சான் துணை வேண்டும்.

மேன்முறையீடு என்றால் எல்லாம் முதலிலிருந்து, அக்கா மறுபடி அவனைக் காட்ட வேண்டும் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். முற்றத்து அணிவகுப்பு அதற்கான ஒத்திகைதான். யாரையும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கேட்பது கௌரவக் குறைச்சல்.

தீர்ப்பு நாளில் அக்கா கல்யாணப் பட்டு உடுத்தி, எலுமிச்சைச் சோறு கட்டிய கூடையோடு கொழும்புக்கு வந்தாள். கோர்ட்டில் நீதிபதிகள் இங்கிலீஷில் ஏதோ வாசித்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நாங்கள் உட்கார்ந்த இடம் சூடாகுமுன் முடிந்துவிட்டது.

வெளியே அரசாங்கத் தரப்புச் சட்டத்தரணியம்மா விளக்கினார். "பகல் வெளிச்சத்தில பக்கத்தில நின்னு பாத்த முகம், அன்னைக்கே சொன்ன விவரம், ஒழுங்கா நடந்த அணிவகுப்பு. அடையாளத்தில சந்தேகமே இல்லைன்னுட்டாங்க. தண்டனையும் நீதிபதி எல்லாம் யோசிச்சுச் சட்டப்படிதான் குடுத்திருக்காரு, அதில நாங்க கை வைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப என்னைய ஒன்னும் கேக்க மாட்டாங்களா?"

"இங்க சாட்சி கூப்பிடுறதில்லம்மா. முதல்ல விசாரிச்ச மேல் நீதிமன்றத்தில பதிஞ்சதத்தான் பாப்பாங்க."

"அடக் கடவுளே! இந்த மனுசனை வீணா அடிச்சேனே!"

மச்சான் தோளைத் தடவிக்கொண்டார். சட்டத்தரணியம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சோறு அன்றைக்கு அமிர்தமாக இருந்தது.

உக்குவளையில் இறங்கியபோது இன்னும் வெயில் இருந்தது. அக்கா கூடையை மச்சானிடம் கொடுத்தாள்.

"நான் முன்னால போறேன். நான் கூப்பிட்டாத்தான் நீங்க வரணும்."

பட்டுச்சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினாள். வளைவில் மறைந்தாள். மச்சான் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "என்னாங்க, இன்னும் அங்கயே நிக்கிறீங்களா? உலை வைக்கணும், வாங்க!"

"வாறேன், வாறேன்" என்று மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.