என் நெஞ்சில் குடியேறியவர்கள்

பெங்களூர் நீலசந்திராவில் ஒன்பது வீடுகள், ஈஜிபுராவில் ஒரு கல்யாண மண்டபம், எனக்கென்று மூன்று மாடி வீடு; எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நான் கட்டியவை. அப்படிப்பட்ட என்னை ஒரு ஃப்ளூ காய்ச்சல் படுக்கவைத்துவிட்டது. காய்ச்சல் விட்டும் இருமல் போகவில்லை. இனி சாரம் ஏற முடியாதோ என்று பயந்துதான், ஆராய்ச்சிக்காக மூச்சுக்குழாயைக் கழுவி, அந்த நீரைச் சோதித்துப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

ஒல்லியான உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி. நான் இருமினால் அவரும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

சோதனை முடிவு வந்த அன்று சிரித்தார். "பயப்படாதீங்க மேஸ்திரி, ஸ்கேனும் நல்லா இருக்கு. வைரஸ் வந்தப்போ நுரையீரல்ல இருந்த பழைய காவல் செல்லுங்க நெறைய செத்துப்போச்சு. ரத்தத்துல இருந்து புதுசுங்க வந்து குடியேறிடுச்சு. மொதல்ல முரட்டுத்தனமாத்தான் இருக்கும். போகப்போக அந்த எடத்துக்குத் தக்கபடி மாறிடும்."

"எங்கப்பா சேலத்துல இருந்து பெங்களூர் வந்த கதைன்னு சொல்லுங்க!"

"அதேதான். மெதுவா சாரம் ஏறுங்க."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை சிமெண்ட் இறங்கியது.

அவர் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயர் வராதாம், நோயாளி பெயரை வெளியிடக் கூடாதென்பது சட்டமாம். அவர்மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனாலும் அந்தச் செல்களை வளர்த்துக் கொடுத்தது என் நெஞ்சு. 'நீலசந்திரா மேஸ்திரி ஒருவர்' என்றாவது அச்சில் போடுங்கள், அம்மா.