பல்லுடைக்கும் பாட்டு

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் பின்னாலிருக்கும் வரிசை வீடுகளில் சவுரியம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை புடைக்கிற வேலை. முறத்தில் தூசி பறக்கிற வேகத்தில் எதிரே நிற்கிற ஆளும் பறப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதே வாய் பாடத் தொடங்கினால், அழுகிற குழந்தையும் அடங்கிவிடும்.

முதல் வாசகம் முடிந்ததும் பதிலுரைப் பாடல் வரும். எந்தக் காலத்திலோ எபிரேய மண்ணில் கண்ணீரும் கம்பலையுமாகப் பாடிவைத்த திருப்பாடல்கள் அவை. ஒருத்தர் அடி அடியாகப் பாட, ஜனங்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். முகையூரில் பிறந்த சவுரியம்மாள் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல், அந்த அடிகளைப் பாடுகிறவள் அவள்தான். புருஷன் செத்தபிறகு, அவளுக்கே அவளுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கும் வந்தது கேடு. பக்கத்து வீட்டுக்கு இசைவாணி மருமகளாக வந்தாள். தேன் மாதிரி குரல், சும்மா சொல்லக்கூடாது. ஒரு ஞாயிறு, கோவில் காரியம் பார்க்கும் உபதேசியார் அந்தோணிசாமி வந்து, "எக்கா, இனிமே இந்தப் புள்ள பாடட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட்டாம்! யார் கேட்டார்கள்? சவுரியம்மாளுக்கு வயிறு எரிந்தது. இசைவாணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெபக்கூட்டத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலுக்கு ஒரு பாட்டு, பரீட்சைக்கு ஒரு பாட்டு, வம்பு வழக்குக்கு ஒரு பாட்டு என்று மாத்திரை கொடுப்பதுபோல எடுத்துக் கொடுப்பார்கள். எதிரிக்கும் ஒன்று இருந்தது. அதில் பாடுகிறவன், தன்னை வதைக்கிறவர்களின் பல்லை உடைத்துப்போடச் சொல்லிக் கடவுளிடம் முறையிடுகிறான். சவுரியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலையில் சுவரோரம் முழங்கால் போட்டு, ராகம் போட்டுப் பாடினாள். வேதத்தில் இருப்பதைத்தானே பாடுகிறோம், இதில் என்ன பாவம் என்று தனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மழை பெய்த ஒரு ஞாயிறு, இசைவாணி வழுக்கி விழுந்தாள். போயும் போயும் கோவில் படியிலேயே! முன்பல் இரண்டும் போய்விட்டன.

ஐயோ, பாடினபடியே நடந்துவிட்டதே என்று சவுரியம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். உபதேசியார் அடுத்த வாரமே வந்து, "பழையபடி நீங்களே பாடுங்கக்கா" என்றார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பாட எழுந்து நின்றால் வாய் திறக்கவில்லை. ஜனங்கள் காத்துக்கொண்டிருக்க, உபதேசியாரே வெறுமனே வாசித்து முடித்தார். வீட்டிலும் அப்படித்தான். ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இனி ஆயுசுக்கும் இப்படித்தானோ என்று அவள் பயந்தாள்.

பங்குச்சாமியார் பிரான்சிஸிடம் போய்க் கொட்டினாள். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிது.

"அந்தப் பாட்டெல்லாம் மனுசன் வலியில கத்துனதும்மா. நம்ம கோவத்தக் கடவுள்கிட்டப் போட்டுட்டா, நாம கையில கல்ல எடுக்கமாட்டோம். அதுக்குத்தான் அது வேதத்துல இருக்குது."

"நான் கல்ல எடுக்கல சாமி. அவரு எடுத்துட்டாரா?"

"மழையில படி வழுக்குது. அவ்ளோதான்."

"அப்போ அவரு நான் சொன்னதக் கேக்கவே இல்லியா?"

கடவுள் கேட்டார் என்றால் பயம். கேட்கவில்லை என்றால் அதைவிடப் பயம். இத்தனை வருஷம் பாடியதெல்லாம் யார் காதில் விழுந்தது? சவுரியம்மாள் வந்ததைவிடக் குழம்பிப்போய்த் திரும்பினாள்.

மனசு கேட்காமல் கேப்பைக் கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கடிக்க முடியாதவள் குடிக்கவாவது செய்வாளே. இசைவாணி வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினாள்.

"நானே உங்கள வந்து பாக்கணும்னு இருந்தேங்க்கா. ஏன் இப்பல்லாம் காலைல பாடறதில்ல?"

சவுரியம்மாளுக்குப் பகீர் என்றது. "உனக்குக் கேக்குமா?"

"வார்த்தை ஒண்ணும் புரியாது. ராகம் மட்டும் செவுத்தத் தாண்டி வரும். அதக் கேட்டுக்கினுதான் நான் எழுந்திருப்பேன். எனக்கும் சேத்து ஒருத்தங்க ஜெபம் பண்றாங்கன்னு ஒரு தைரியம். இப்ப எனக்கோசரம் அத ஒருவாட்டி பாடுங்கக்கா."

உண்மையைச் சொல்லாமல் கூழை வைத்துவிட்டு வந்திருக்கலாம். வேறு ஏதாவது பாட்டைப் பாடிச் சமாளித்திருக்கலாம். சவுரியம்மாளால் முடியவில்லை.

"அது உன் பல்ல ஒடைக்கச் சொல்ற பாட்டு, வாணி. உனக்கோசரம்தான் பாடினேன்."

இசைவாணியின் கை வாயிலிருந்து இறங்கியது. அந்த இடைவெளியைச் சவுரியம்மாள் அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"இன்னாக்கா சொல்றீங்க? வேதத்துலயா இருக்குது அது?"

"இருக்குது."

"அத எதுக்கு வெச்சிருக்காங்க?"

"தெரியலடி. சாமியார் ஒண்ணு சொன்னாரு. எனக்கு வெளங்கல."

இசைவாணி "எந்தப் பாட்டு, நம்பரச் சொல்லுங்க" என்றாள். சவுரியம்மாள் சொன்னாள். "எழுந்து போங்கக்கா" என்றாள் இசைவாணி. கண்ணில் நீர் தளும்பி நின்றது. சவுரியம்மாள் போனாள். கூழ் தொடப்படாமல் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. பல் இல்லாத இடத்தில் காற்றுச் சீறியது. 'ச' வரவேண்டிய இடமெல்லாம் விசில் அடித்தது. ஆனாலும் சவுரியம்மாளுக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். அதே பாட்டு. சவுரியம்மாளின் பல்லை உடைக்கத்தான் பாடுகிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. அழுகையும் ஆங்காரமுமாக, கடவுளைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி பாடினாள்.

சவுரியம்மாள் முழங்காலில் விழுந்தாள். இதைக் கடவுள் கேட்கவேண்டுமா, கேட்கக்கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பக்கம் முதல் அடி முடிந்து, இசைவாணி மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அத்தனை நாள் திறக்காத வாய் திறந்தது. கோவிலில் ஜனங்கள் பதில் சொல்கிற அதே ராகத்தில், சுவருக்குக் கேட்கும்படி சவுரியம்மாள் பாடினாள்:

"ஆண்டவரே, இவள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சவுரியம்மாள் அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள்.