தரணேந்திரன் டாக்டர் காப்பாற்றிய முன்பல்

ஏனாத்தூர்க் கூட்டத்தில் நான் முழங்கிக்கொண்டிருந்தபோது மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'சீக்கிரம் முடிக்கவும்' என்றுதான் இருக்கும் என்று பிரித்தேன். பல் டாக்டர் தரணேந்திரன் காலமாகிவிட்டார் என்றிருந்தது. பேச்சைப் பாதியில் விட்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் அவருக்குக் காட்டாத வாய் ஏது? பட்டு ஊரில் இருந்துகொண்டே பட்டு உடுத்தாத சமணர். பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பவரையும் "நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவிடுவார். உங்களில் பலரும் அப்படித் திரும்பியிருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், தேர்தல் கூட்ட நெரிசலில் மைக் என் முன்பல்லில் மோதியது. பல் கறுத்து ஈறு வீங்கியது. பட்டணத்து டாக்டர்கள் பிடுங்கச் சொன்னார்கள். பல் போனால் சொல் போச்சு. எனக்கோ மேடைப் பேச்சுதான் சோறு. தரணேந்திரன் வேரைக் குடைந்து, சுத்தம் செய்து, அடைத்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் சீழ் வைத்தது.

"அடைச்சது வேரோட ஒட்டல. இடுக்குல எச்சில் இறங்கிக்கினு இருக்குதுப்பா" என்றார்.

அதன்பின் அவர் செய்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. பிடுங்கிய பற்களைச் சேர்த்து, வேரை அடைத்து, சாயப் பட்டறையில் வாங்கிய சிவப்புச் சாயத்தில் ஊறப்போட்டார். பிறகு பிளந்து பார்த்தால், அடைப்புக்கும் வேருக்கும் நடுவே சிவப்புக் கோடு ஓடியிருக்கும். "பல்லுல சேலை நெய்யப் போறீங்களா டாக்டர்?" என்று சீண்டினேன்.

"பட்டு நூல வேகவச்சு பசை எடுக்காம சாயத்துல போடுவாங்களா? குடையுற தூள் வேர்ச் சுவர்ல அப்பிக்குது. நான் அது மேலயே பூசிக்கினு இருந்திருக்கேன்" என்றார்.

எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரால் தூளைக் கழுவிவிட்டு அடைத்த பற்களில் சாயம் இறங்கவில்லை. உடனே என் வாயைத் திறந்து காட்டினேன். "இன்னும் நாலு பல்லு பிளந்து பாக்கணும். உன் வாய் எனக்குப் பட்டறை இல்ல" என்று துரத்திவிட்டார். வீங்கிய உதட்டோடு அவரைத் திட்டிக்கொண்டே காத்திருந்தேன்.

கடைசியில் அடைத்தார். "ஒட்டிக்கிச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உன் பல்ல பிளந்தா பாக்க முடியும்? நான் போனப்புறமும் வாயில இருந்தா ஒட்டிக்கிச்சுன்னு வச்சுக்கோ."

சுடுகாட்டில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். ஒரு சொல்கூடக் காற்றாகப் போகவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்த முன்பல்தான்.

ஒட்டிக்கிச்சு, டாக்டர்.