ஒரு சொட்டும் குடிக்காமல் ஒயினுக்குச் சமைத்தேன்

1. முதல் நாள் ரோஸ்ட்

துரைசானியம்மா ஒரு துண்டு ஆட்டுக்கறியை வாயில் வைத்தார். சிவப்பு ஒயினை ஒரு மிடறு குடித்தார். உடனே முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

குற்றாலத்து பங்களாவில் நான் சமைத்த முதல் சாப்பாடு அது. அதற்கு முன்பு தென்காசியில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் வேலை பார்த்திருந்தேன். வற்றல் மிளகாயும் வினிகரும் பூண்டும் அரைத்துத் தடவி, தேக்சாப் பாத்திரத்தின் மேலும் கீழும் தணல் போட்டு நான் செய்யும் ரோஸ்ட்டுக்கு அங்கே நல்ல பெயர். அதையே இங்கும் செய்தேன்.

"அருணாசலம், கறி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தின்றுவிட்டுக் குடித்தால் ஒயின் மசியைக் குடித்தது போல ஆகிவிடுகிறது" என்றார் அம்மா.

அவர் பிரான்ஸ் தேசத்துக்காரர். தகப்பனார் காரைக்காலில் உத்தியோகம் பார்த்ததால் சிறுவயதிலேயே தமிழ் படித்திருந்தார். புத்தகத்தில் உள்ளதுபோலப் பேசுவார். கணவர் ஆரியங்காவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர். மலையில் அடைமழை பிடித்ததும் அம்மா மட்டும் இறங்கி வந்து, சாரல் முடியும்வரை குற்றாலத்தில் தங்குவார்.

பிரான்ஸில் ஆற்றங்கரையில் அவருடைய குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம் ஒன்று இருந்தது. அண்ணன் பார்த்துவந்தார். வரிசையாக விளைச்சல் கெட்டு, தோட்டத்தை விற்க வேண்டிய நிலை. வெளிதேசத்தில் யாராவது தொடர்ந்து வாங்கினால் தப்பிக்கலாம். அதற்காக மூன்று வகை ஒயின் தூத்துக்குடி வழியாகப் பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தது. கொழும்பில் ஹோட்டல்களுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் சரக்குக் கொடுத்துவந்த பிரமநாயகம் அண்ணாச்சி அந்த சீசனுக்குக் குளிக்க வருகிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா அவரை மதிய விருந்துக்கு அழைத்திருந்தார். அதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்தது.

கிளாஸில் கொஞ்சம் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். "வாயில் வைத்துப் பார். பிறகு துப்பிவிடு. எதோடு சேரும் என்று உனக்கே தெரியும்."

"மன்னிக்கணும்மா. நான் தொடமாட்டேன்."

"சுவைக்காமல் எப்படிச் சமைப்பாய்?"

கிளாஸைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினேன். அம்மா கோபப்படவில்லை. முடியாவிட்டால் தூத்துக்குடி கிளப்பிலிருந்து வேறு ஆளை வரவழைக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

2. பேச்சியம்மா வந்தாள்

என் மாமனார் நல்ல உழைப்பாளி. குடித்துவிட்டு வரும்போது வாய்க்காலில் விழுந்து செத்தார். என் மனைவி பேச்சியம்மாதான் முதலில் போய்ப் பார்த்தவள். கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். நகையல்ல, புடவையல்ல. குடிக்கக் கூடாது என்றாள். சரி என்று சொல்லியிருந்தேன்.

பங்களாவில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் எங்கள் ஊரான குத்துக்கல்வலசையைச் சேர்ந்தவள். நான் பாட்டிலும் கையுமாக இருப்பதாக அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையிலேயே பேச்சியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். வந்ததும் வராததுமாக என் முகத்தருகே வந்து மோந்து பார்த்தாள்.

"குடிச்சீகளா?"

"இல்லட்டி. தொடக்கூட இல்ல."

"பெறவு எதுக்கு இந்த வேலை? நாளைக்கு ஒரு வாய் ஊத்துவாக, மறுநாள் ஒரு கிளாஸு ஊத்துவாக. சாராயம் எந்தத் தேசத்துல இருந்து வந்தா என்ன, சாராயந்தான. வாங்க வீட்டுக்கு."

"குடிச்சுப் பாத்தாத்தான் அதுக்கேத்தாப்ல சமைக்க முடியும்னு அம்மா சொல்லுதாக. நான் மாட்டேன்னுட்டேன். வேலை போனாலும் போவும்."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் குரல் இறங்கவில்லை. "அந்தம்மாவுக்கு வாய் இருக்குல்லா? அவுக குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லட்டும். கேட்டுட்டுச் சமைங்க. மசக்கையில நான் கேட்டதையெல்லாம் நீங்க தின்னு பாத்தா செஞ்சு தந்தீக?"

சண்டை போடத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு அதுதான் வழியாகப் பட்டது. அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போனேன்.

3. ஒரு தட்டு நிறையச் சாமான்

பித்தளைத் தட்டில் கொட்டைப்பாக்கு, நெல்லிக்காய், பழம்புளி, பச்சை மாங்காய், எலுமிச்சை, மிளகு, கருப்பட்டி, தேன், மங்குஸ்தான் என்று கிடைத்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி அம்மா முன்னால் வைத்தேன்.

"நீங்க ஒயினைக் குடிங்கம்மா. பெறவு இதுல ஒண்ணொண்ணாத் தின்னு பாருங்க. எது மாதிரி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை ஒயினுக்கு எலுமிச்சையைத் தொட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மாங்காயை எடுத்தார். "இந்தப் புளிப்புதான். ஆனால் முடியும்போது நாக்கில் சுண்ணாம்புக் கல்லை வைத்தது போல இருக்கும்."

சிவப்புக்கு வந்தபோது பாக்கைக் கடித்தார். கண்கள் விரிந்தன. "இதேதான்! இதில் பாதி. ஈறு எல்லாம் இறுகிவிடுகிறது. இதற்கு எங்கள் மொழியில் சொல் உண்டு, தமிழில் என்ன?"

"துவர்ப்பும்மா."

துவர்ப்பு என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. வாழைப்பூவின் துவர்ப்பைப் போக்க நாங்கள் அதை மோரில் போடுவோம். மிளகாயும் வினிகரும் துவர்ப்போடு சேர்ந்தால் நாக்கு எரியத்தான் செய்யும். கறியைத் தயிரில் ஊறவைத்து, மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்டு, கொழுப்போடு சேர்த்துச் சுட்டால் என்ன? அன்றைக்கே செய்தேன். அம்மா ஒரு வாய் கறி, ஒரு மிடறு ஒயின், திரும்பவும் ஒரு வாய் கறி என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது ஒயின் தேன்போல இனிப்பது. திராட்சையைக் கொடியிலேயே பூசணம் பிடிக்க விட்டுப் பிழிவார்களாம். "பூசணமா?" என்று நான் முகம் சுளித்ததும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கருப்பட்டி மிட்டாயோடு வைத்துப் பார்த்தோம். ஒயின் வெறும் தண்ணீராகிவிட்டது என்றார். அவர்கள் ஊரில் உப்புக்கரிக்கும் பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்களாம். அதுவும் பெட்டியில் வந்திருந்தது. ஆனால் குற்றாலத்து ஈரத்தில் கெட்டு, கிட்டே போக முடியாத நாற்றம். உப்புத்தானே வேண்டும் என்று, செங்கோட்டையிலிருந்து நேந்திரங்காய் வாங்கிவந்து, வட்ட வட்டமாகச் சீவித் தேங்காயெண்ணெயில் உப்பேரி வறுத்தேன். அம்மா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

4. விருந்து

அண்ணாச்சி அருவியில் குளித்துவிட்டு நல்ல பசியோடு வந்தார். மேனேஜர் துரையும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். வெள்ளை ஒயின் பாட்டில்களைச் சாக்கில் கட்டி, பங்களாவுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் காலையிலிருந்தே போட்டு வைத்திருந்தேன். விரால் மீனைத் தேங்காய்ப்பாலில் இஞ்சி போட்டுக் கொதிக்கவிட்டு, அம்மா எடுத்துக் காட்டிய பச்சை மாங்காயைச் சீவிப் போட்டிருந்தேன். அதோடு வெள்ளையை ஊற்றினார் அம்மா.

"ஏயப்பா, மீனுக்கும் இதுக்கும் என்னமாச் சேருது!" என்றார் அண்ணாச்சி.

தயிர்க் கறியோடு சிவப்பு. அதுவும் இறங்கியது. சந்தோஷத்தில் அண்ணாச்சி இன்னொரு கிளாஸை எடுத்து அவரே ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"நீயும் ஒரு வாய் குடிப்பா. சமைச்ச கைக்கு மரியாதை செய்யணும்லா."

"பழக்கமில்ல அண்ணாச்சி."

"சும்மா சொல்லாத. குடிச்சுப் பாக்காம இப்படிச் சமைக்க வராது."

"நிசமாவே இல்ல அண்ணாச்சி."

அவருடைய சிரிப்பு போய்விட்டது. "சமைச்சவனே தொடாத சரக்கை நான் கப்பல்ல ஏத்தணுமாக்கும்?"

துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். குடி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நான் குடித்துவிட மாட்டேனா என்ற ஏக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. அதில் தப்பில்லை. அவருடைய அண்ணனின் பிழைப்பு அந்த கிளாஸில் இருந்தது. ஒரு மிடறுதானே, பேச்சியம்மாவுக்குத் தெரியவா போகிறது என்று என் மனதும் ஒரு நிமிஷம் சொன்னது.

"அண்ணாச்சி, எம் பொண்டாட்டிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இந்தச் சரக்கு நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. தொரசானியம்மா குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொன்னாக. நல்லாயில்லாததையும் நல்லாயில்லன்னுதான் சொன்னாக. அதைக் கேட்டுச் சமைச்சேன். அவ்வளவுதான்."

அண்ணாச்சி அந்த கிளாஸைத் திரும்ப எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு இனிப்பு ஒயினும் உப்பேரியும் வந்தன. சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

நான் மேஜையைத் துடைக்கும்போது அம்மா வந்து நின்றார்.

"நீ குடித்திருந்தால் வாங்கியிருப்பாரா?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியவில்லை" என்றார். பிறகு, "நாளைக்கு மீன் கிடைக்குமா பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேலை போகவில்லை என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

5. மறுநாளும் அதற்குப் பிறகும்

மறுநாள் காலை அண்ணாச்சி ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு வந்தார். உட்காரவில்லை.

"செவப்பு எனக்கு வேண்டாம்மா. கொழும்பு வெக்கைக்கு அது தொண்டையில இறங்காது. வெள்ளையும் இனிப்பும் அனுப்பச் சொல்லுங்க. எதோட எதைத் திங்கணும்னு இவன் சொல்லட்டும், எங்க ஹோட்டல்காரங்களுக்கு நான் சொல்லிக்கிடுதேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நேத்து ராத்திரி யோசிச்சேன்ப்பா. நல்லாயில்லாததை நல்லாயில்லன்னு சொல்லுத வீட்டுச் சரக்கை நம்பி வாங்கலாம்."

அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிவப்பு போகாததில் அவருக்கு வருத்தம்தான். அண்ணன் அதைத்தான் உயிராக நினைத்திருந்தாராம். ஆனாலும் தோட்டம் அப்போதைக்கு நின்றது. யுத்தம் வந்து கப்பல் போக்குவரத்து முடங்கும்வரை சரக்கு போய்க்கொண்டிருந்தது. அதன்பின் அண்ணனைப் பற்றி வெகுகாலம் தகவலே இல்லாமல் அம்மா தவித்ததையும் நான் பார்த்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பேச்சியம்மாவிடம் சொன்னேன். கிளாஸை நீட்டியதைச் சொல்லும்போது மட்டும் பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தாள். முடித்ததும், "அந்தத் தயிர்க் கறியை நம்ம வீட்டுலயும் ஒருநா செய்யக் கூடாதா?" என்றாள்.

அதன்பின் பல பங்களாக்களிலும் ஒரு கிளப்பிலும் வேலை பார்த்தேன். ஒயினோடு என்ன வைக்கலாம் என்று துரைமார்கள் என்னைக் கேட்பார்கள். எனக்கு அதன் ருசி இன்றுவரை தெரியாது. புது வீட்டில் சேர்ந்தால், என்ன பிடிக்கும் என்று நான் கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவைப்பார்கள். எது பிடிக்காது, வாயில் வைத்தால் என்ன செய்கிறது என்று கேட்பேன். அவர்கள் யோசித்துச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன். அடுப்பைப் பற்றவைப்பது அதற்குப் பிறகுதான்.